மண்ணில் எழுதிய பிரெஞ்சுச் சொல்

தாயில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசு கம்பெனி. அதன் வாசலில் வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர் குனிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். அவர் மனைவி கொண்டையிலிருந்து இரும்பு ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி வாட்ச்மேன் நீட்டிய தட்டில் போடுகிறார். உள்ளே எதுவும் உரசித் தீப்பொறி பறக்கக்கூடாது. வெயில் அப்படி அடிக்கிறது. கரிசல் மண்ணில் வெறுங்காலை வைத்ததும் அந்த அம்மா ‘உஃப்’ என்று துள்ளி, பிறகு சிரிக்கிறார்.

அவர்கள் இருவருக்கும் மொழிபெயர்க்க வந்தவள் நான்.

“வெல்கம்” என்றேன். சிரித்தார்கள்.

“போன், பேக் எல்லாம் இங்கே வைக்கணும்” என்று இங்கிலீஷில் சொன்னேன். சிரித்தார்கள்.

“உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா?” என்று மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துக் கேட்டேன்.

பெரியவர் நிமிர்ந்து, மிகுந்த மரியாதையோடு, “குட் மார்னிங்” என்றார். அப்போது உச்சி வெயில்.

என்னை ஏன் கூப்பிட்டார்கள்

நான் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறேன். பட்டாசுப் பெட்டி, மருந்து அட்டை, சோப்பு உறை என்று எது அச்சானாலும் அதிலுள்ள இங்கிலீஷ் என் கண்ணைத் தாண்டித்தான் போகவேண்டும்.

எங்கள் அப்பாவும் அம்மாவும் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் அடுத்தவர் காட்டில் மிளகாய் எடுத்தவர்கள். பிறகு தீப்பெட்டி, பிறகு பட்டாசு. அந்த வீட்டிலிருந்து இங்கிலீஷ் படிக்கப் போனவள் நான் ஒருத்திதான். போதாதென்று தபால் வழியில் எம்.ஏ. வேறு சேர்ந்திருந்தேன்.

தங்கராஜ் அண்ணாச்சி எங்கள் அச்சகத்தின் பழைய வாடிக்கையாளர். அவர் கம்பெனியைப் பார்க்க பிரான்சிலிருந்து ஒரு தம்பதி வந்திருந்தார்கள். பெர்னார் தன் ஊரில் காலமெல்லாம் வாணவேடிக்கை நடத்தி ஓய்வு பெற்றவர். மனைவி பெயர் ஒதீல். கூட வரவேண்டிய பாண்டிச்சேரி வழிகாட்டியின் வண்டி மதுரைக்கு முன்பே மக்கர் செய்து நின்றுவிட்டது. இவர்கள் முந்தின நாளே விருதுநகரில் வந்து தங்கியிருந்தார்கள்.

“அம்மா, ஒரு மணி நேரம் சமாளிச்சு விடுங்க. நீங்கதான் இங்கிலீஷ்ல பெரிய படிப்பு படிக்கீகளே” என்றார் அண்ணாச்சி போனில்.

பிரெஞ்சுக்காரர்களுக்கு இங்கிலீஷ் தெரிந்திருக்கும் என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

கடல் தாண்டி வந்த துரை

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் எம்.ஏ.வில் இங்கிலீஷ் மொழியின் வரலாறு என்று ஒரு தாள் உண்டு. எல்லாரும் பயப்படும் தாள். நான் மட்டும் கதைப் புத்தகம் மாதிரி அதைப் படித்தேன். ஆயிரம் வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு இருக்கும். பிரான்சின் வடக்குக் கரையிலிருந்து ஒரு பிரபு கப்பல் கப்பலாக ஆளேற்றிக்கொண்டு போய் இங்கிலாந்தைப் பிடித்துவிட்டான். அதன் பிறகு பல தலைமுறைக்கு அரண்மனையில் பிரெஞ்சு, கோர்ட்டில் பிரெஞ்சு. காட்டிலும் கொட்டடியிலும்தான் இங்கிலீஷ்.

ஆட்டை மேய்த்தவன் வாயில் அது ‘ஷீப்’. அதுவே அறுபட்டுத் துரை வீட்டுத் தட்டில் விழுந்தால் ‘மட்டன்’. நம் ஊர்க் கறிக்கடையில் “மட்டன் அரைக் கிலோ” என்கிறோமே, அது அந்தப் பிரெஞ்சுத் துரை தின்ற கறி!

இதைப் படித்த அன்று என்னால் உட்கார முடியவில்லை. ஏனென்றால் நமக்கும் இதுதான் நடந்திருக்கிறது. உழவு, விதை, களை, அறுப்பு எல்லாம் நம் சொல். தாசில்தார், தாலுகா, ஜமாபந்தி, வசூல், ஜப்தி? எல்லாம் ஆண்டவர்கள் கொண்டுவந்த பாரசீகச் சரக்கு. நம்மை அடக்கிய இங்கிலீஷ்காரனும் ஒரு காலத்தில் நம் அப்பன் மாதிரியே அடுத்தவன் மொழியில் வழக்காடி, புரியாமல் விழித்துக்கொண்டு நின்றிருக்கிறான்!

அப்படி ஆள வந்த மொழியிலிருந்து ஆயிரக்கணக்கான சொற்கள் இங்கிலீஷுக்குள் இறங்கித் தங்கிவிட்டன. கனமான சொற்கள், ஆபீஸ் சொற்கள், கடிதத்தில் எழுதும் சொற்கள் என்று பார்த்தால் முக்கால்வாசி அந்த வழிதான்.

கம்பெனி வாசலில், பெர்னாரின் ‘குட் மார்னிங்’குக்கு முன்னால் நின்றபோது, இதுதான் என் தலையில் பளிச்சென்று அடித்தது. நான் இதுவரை பேசியது சின்னப்பிள்ளை இங்கிலீஷ். ‘கிவ்’, ‘கோ’, ‘ஹியர்’. அதில் பிரெஞ்சு ஏது? பெரிய இங்கிலீஷைப் பேசிப் பார்த்தால் என்ன?

“நாம் விசிட்டைக் கமென்ஸ் செய்யலாமா?” என்றேன்.

பெர்னாரின் புருவம் உயர்ந்தது. “கொமான்ஸே!” என்றார். “வீ, வீ! கொமான்ஸே!” ஆமாம், ஆமாம் என்று தலையாட்டினார்.

எனக்குப் புல்லரித்துவிட்டது.

மெஷ்!

அதற்குப் பிறகு நான் பேசிய இங்கிலீஷை எங்கள் மேனேஜர் கேட்டிருந்தால் வேலையை விட்டு அனுப்பியிருப்பார். ‘கோ டவுன்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘டிஸெண்ட்’. ‘லுக்’குக்குப் பதில் ‘ரிகார்ட்’. ‘ஹெல்ப்’புக்குப் பதில் ‘எய்ட்’. புகைபிடிக்கக்கூடாது என்பதற்கு ‘இன்டர்டிக்ட்’. யாரும் பேசாத இங்கிலீஷ் அது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் அந்தக் கிழவரின் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி போய்ச் சேர்ந்தது.

கலவை அறைச் சுவரில் சிவப்பில் எழுதியிருந்த ‘டேஞ்சர்’ போர்டை அவர் சத்தமாகப் படித்தார். “தான்ஜே!” எழுத்து அதே எழுத்து. அந்தச் சொல்லுக்கு ஆதியில் ஆபத்து என்று பொருளே கிடையாது, பிரபுவின் பிடி, அவன் கைக்குள் இருப்பது என்றுதான் பொருள் என்று படித்திருந்தேன். அதை அவரிடம் சொல்ல ஆசை. ஆனால் என் பெரிய இங்கிலீஷுக்கும் அது கொஞ்சம் கூடுதல் பாரம்.

அடுத்த அறையில் திரி கட்டிக்கொண்டிருந்தார்கள். பெர்னார் ஒரு திரியைச் சுட்டிக்காட்டி, “மெஷ்” என்றார்.

“மெஷ்?”

“மெஷ்!” விரலால் தீ பற்றுவது போலக் காட்டினார்.

மேட்ச்! நான் கத்தியே விட்டேன். விளக்குத் திரிக்குப் பிரெஞ்சுக்காரன் வைத்த பேர்தான் இங்கிலீஷில் ‘மேட்ச்’ ஆகித் தீக்குச்சிக்கு வந்தது. எங்கள் அம்மா பல வருஷம் வேலை பார்த்த ‘மேட்ச் கம்பெனி’யின் பேர் அந்தக் கிழவரின் வாயிலிருந்து பச்சையாக வந்து விழுகிறது! படித்துத் தெரிந்துகொண்டது வேறு, காதால் கேட்பது வேறு.

“என்னம்மா ஆச்சு?” என்று அண்ணாச்சி பதறி ஓடி வந்தார். பட்டாசு கம்பெனிக்குள் யாரும் கத்தக்கூடாது அல்லவா?

மதினியின் கணக்கு

திரி அறையிலிருந்து வெளியே வந்தால் பேக்கிங் கட்டடம். அங்கேதான் எங்கள் அண்ணன் மனைவி, மாரியம்மா மதினி, வேலை பார்க்கிறாள். என்னைப் பார்த்ததும் பெட்டி ஒட்டுவதை நிறுத்தாமலே, “ஏத்தா கனகு, வெள்ளக்காரனயே மயக்கிட்டியாமே!” என்றாள். அதற்குள் செய்தி அங்கே போய்விட்டிருந்தது.

மதினிக்கு இந்தச் சொல் பைத்தியம் புதிதல்ல. பரீட்சைக்கு முந்தின வாரங்களில் கம்பெனி வேனில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பாதி வழிவரை போவேன். படித்ததை யாரிடமாவது சொன்னால்தான் எனக்கு மனதில் நிற்கும்.

“நீங்க தினமும் பேசுற ஆர்டர், சீசன், கம்பெனி மூணும் பிரெஞ்சு, மதினி” என்று ஒரு நாள் சொன்னேன். “சீசன்னா ஆதியில விதைக்கிற காலம்னு அர்த்தம்.”

“அப்ப எங்கய்யா காட்டுல பாத்ததும் சீசன்தான், நான் இங்கன பாக்குறதும் சீசன்தான்னு சொல்லு. கம்பெனின்னா?”

“ஒண்ணா உக்காந்து ரொட்டி திங்கிறவுக.”

வேனே சிரித்தது. “அண்ணாச்சி ஏசி ரூம்புல சாப்புடுறாரு, நாம வேப்பமரத்தடியில. இதுக்குப் பேரு கம்பெனியா?” என்றாள் பின் சீட்டிலிருந்து ஒருத்தி.

“லோடு?” என்று கேட்டாள் மதினி.

“அது மட்டும் அசல் இங்கிலீஷ்.”

மதினி விரல் மடக்கிக் கணக்குப் போட்டாள். “பாத்தியா, ஆர்டரு போடுறது துரை வார்த்த. சொமக்குறது மட்டும் நம்ம ஆளு வார்த்த” என்றாள். அந்தத் தாளில் எனக்கு நல்ல மார்க் வந்தது. அதில் பாதி மதினிக்குச் சேரவேண்டியது.

வேப்பமரத்தடியில் இலை

அன்றைக்கு அண்ணாச்சி விருந்தாளிகளுக்காக வேப்பமரத்தடிக்கே வந்துவிட்டார். வேலைக் கட்டடங்களிலிருந்து தள்ளி, காய வைக்கும் களத்துக்கு இந்தப் பக்கம் மரம். களத்துக்கு அந்தப் பக்கம் வாசல். அண்ணாச்சியின் மனைவி செல்வி அக்கா வீட்டிலிருந்து இட்லி, பணியாரம், இரண்டு வகைச் சட்னி கொண்டுவந்து இலை போட்டிருந்தார். கொஞ்சம் தள்ளிப் பேக்கிங் பெண்கள் தூக்குவாளியைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள்.

நான் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். அப்போது ஒதீல் வெள்ளைச் சட்னியைக் காட்டி, “கொக்கோ?” என்று கேட்டிருக்கிறார். செல்வி அக்கா அதைத் தேங்காய் என்று சரியாகவே புரிந்துகொண்டு, ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறார்.

நான் திரும்பி வந்தபோது ஒதீல் பாதி இட்லியோடு நிறுத்திவிட்டு உதட்டைத் தடவிக்கொண்டிருந்தார். பெர்னார் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “அராஷித்? அராஷித்?” என்றார்.

எனக்குப் புரியவில்லை. ‘மெஷ்’ மாதிரி காதுக்கு எட்டும் சொல்லாக இல்லை அது. அவர் சட்டென்று முட்டி போட்டு, விரலால் மண்ணில் எழுத ஆரம்பித்தார். ஏ, ஆர், ஏ, சி, ஹெச்...

‘அராக்னிட்!’ எட்டுக்கால் பூச்சி! இலையில் பூச்சி விழுந்துவிட்டது என்று நினைத்து நான் ஒதீலின் சட்னியைக் கிளறிப் பார்த்தேன்.

“எங்க வீட்டுச் சாப்பாட்டுலயா பூச்சி?” என்று செல்வி அக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது.

“நோ அராக்னிட்” என்றேன். பெர்னார் தலையை வேகமாக ஆட்டினார். மீதி எழுத்துகளையும் எழுதினார். ஐ, டி, ஈ. எழுதிவிட்டு, “அலெர்ஜி!” என்றார்.

அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம். ஒதீல் தன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு “கோர்ஜ்... கோர்ஜ்...” என்றார். கீழுதடு தடித்துக்கொண்டிருந்தது.

நான் மண்ணிலிருந்த எழுத்துகளையே பார்த்தேன். காதுக்கு எட்டாதது கண்ணுக்கு எட்டியது. கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு காதுச் சொட்டு மருந்து அட்டைக்குப் புரூஃப் பார்த்தேன். அதில் ‘அராகிஸ் ஆயில்’ என்று ஒன்று இருந்தது. எழுத்துப் பிழையோ என்று சந்தேகப்பட்டு மருந்துக்கடைக்காரரிடம் கேட்டேன். “நம்ம விருதுநகர் கடலை எண்ணெய்தான்மா, மருந்துக்குள்ள போனா அந்தப் பேரு” என்று சிரித்தார்.

“அக்கா! சட்னில தேங்காயோட வேற என்ன போட்டீக?”

“கொஞ்சம் நெலக்கடல போட்டு அரச்சேன். ஏன்?”

சாக்கு

பெர்னார் எழுந்துவிட்டார். “ஸாக்! ஸாக்!” என்று கத்தியபடி வாசல் இருக்கும் திசையைப் பார்த்து ஓடத் தொடங்கினார். நேர் வழி களம். களம் முழுக்கப் பட்டாசு காய்ந்துகொண்டிருக்கிறது.

அண்ணாச்சி குறுக்கே பாய்ந்து அவரை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தார். “சாக்கா? எந்தச் சாக்கு? வெடிமருந்துச் சாக்கத் தொடக்கூடாதுன்னு சொல்லும்மா! களத்த மிதிச்சா அம்புட்டுப் பேரும் போயிருவோம்!”

பெர்னார் திமிறினார். அவருக்கு அண்ணாச்சியின் தமிழ் புரியவில்லை. அண்ணாச்சிக்கு அவர் பிரெஞ்சு புரியவில்லை. ஒதீலின் மூச்சில் விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. பேக்கிங் பெண்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

“ஸாக் ரூஜ்! போர்த்! ஸெரேங்!”

நான் அவர் வாயையே பார்த்தேன். என் வாழ்க்கையில் எந்தப் பரீட்சையிலும் அப்படிப் படபடத்ததில்லை. ரூஜ், முகத்துக்குப் பூசும் சிவப்பு. அழகுப் பொருள் அட்டையில் அந்தச் சொல்லை எத்தனையோ முறை திருத்தியிருக்கிறேன். சிவப்பு. போர்த், போர்ட்டல். வாசல்! ஸெரேங்... ஸெரேங்... சிரிஞ்ச்! அப்படியென்றால் ஸாக், சாக்கு அல்ல, பை!

“சிவப்புப் பை! வாசல்ல வச்ச சிவப்புப் பை! அதுல ஊசி மருந்து இருக்கு!”

நான் சொல்லி முடிப்பதற்குள் மாரியம்மா மதினி கிளம்பிவிட்டாள். களத்தின் குறுக்கே போகவில்லை. வேலி ஓரமாக, கருவேல முள்ளும் கல்லும் கிடக்கும் ஒற்றையடிப் பாதையில், சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு பறந்தாள். கம்பெனிக்குள் ஓடக்கூடாது என்பது முதல் சட்டம். “ஓடாத மாரி!” என்று பழக்க தோஷத்தில் அண்ணாச்சி கத்தினார். அடுத்த நொடியே, “ஓடு, ஓடு!” என்றார்.

நான் ஒதீலைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். அவர் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின. செல்வி அக்கா மறுபக்கம் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டே அழுதார். “தெரியாம செஞ்சுட்டேம்மா, தெரியாம செஞ்சுட்டேன்” என்று ஒதீலிடமே சொன்னார். என்ன புரிந்ததோ, மூச்சுக்குத் தவித்த நிலையிலும் ஒதீல் அவர் முழங்காலைத் தட்டிக்கொடுத்தார்.

மதினி திரும்பி வந்தபோது கையில் பை இல்லை. எனக்கு உயிரே போனது. ஆனால் முந்தானையை மடி கட்டிப் பிடித்திருந்தாள். பைக்குள் போன் இருக்கிறது, போன் உள்ளே வரக்கூடாது. அதனால் பையை வாட்ச்மேன் மேசையில் கவிழ்த்து, போனை மட்டும் தள்ளிவிட்டு, மிச்சம் அத்தனையையும் மடியில் வாரிக்கொண்டு வந்திருக்கிறாள். கீழே கொட்டினாள். சீப்பு, கண்ணாடிக்கூடு, மாத்திரை அட்டை, சாக்லெட், நடுவில் மஞ்சள் நிறத்தில் ஒரு ஊசிக் குழாய்.

பெர்னார் அதை எடுத்து மூடியைப் பிடுங்கி, மனைவியின் தொடையில் உடுப்புக்கு மேலேயே வைத்து அழுத்தினார். அழுத்தியபடியே எண்ணினார். எங்கள் யாருக்கும் அந்த எண்கள் தெரியாது. ஆனாலும் எல்லாரும் அவரோடு மூச்சை நிறுத்திக் காத்திருந்தோம்.

முதலில் அந்த விசில் சத்தம் மெலிந்தது. பிறகு நீலம் பாரித்திருந்த உதட்டில் ரத்தம் திரும்பியது. ஒதீல் நீளமாக ஒரு மூச்சை இழுத்து விட்டார். பேக்கிங் பெண்கள் குலவையிட்டார்கள்! யார் தொடங்கினார்களோ தெரியாது. கட்டடத்துக்குக் கட்டடம் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். பெர்னார் மண்ணில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொண்டே, “ஒண்ணுமில்லய்யா, ஒண்ணுமில்ல” என்றார்.

ஆஸ்பத்திரியில்

ஒதீலை ஒரு கயிற்றுக் கட்டிலில் கிடத்தித் தூக்கி, களத்தைச் சுற்றி வாசலுக்குக் கொண்டுபோய், அண்ணாச்சியின் காரில் சிவகாசிக்கு விரைந்தோம். மதினி, முள் குத்திய காலோடு முன் சீட்டில் உட்கார்ந்து, எதிரே வந்த வேன்களையெல்லாம் கையைக் காட்டி ஒதுக்கினாள். டாக்டர் பார்த்துவிட்டு, நேரத்துக்கு மருந்து போட்டது நல்லதாய்ப் போயிற்று, ஒரு ராத்திரி கண்காணிப்பில் இருக்கட்டும் என்றார்.

சாயங்காலம் ஒதீல் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு இன்னும் வீங்கித்தான் இருந்தது. மதினியின் பாதத்திலிருந்த கட்டைப் பார்த்துப் பார்த்துக் கண் கலங்கினார். மதினியோ, வெட்கத்தில் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் பாண்டிச்சேரி வழிகாட்டி வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார். நல்ல பிரெஞ்சு, நல்ல தமிழ், இஸ்திரி போட்ட சட்டை. நடந்ததையெல்லாம் இரண்டு மொழியிலும் கேட்டுக்கொண்டார். பிறகு குழம்பிப் போய் என்னைப் பார்த்தார்.

“இந்தம்மாவுக்கும் சாருக்கும் இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. உங்களுக்குப் பிரெஞ்சு தெரியாதுங்கிறீங்க. அப்ப நாளெல்லாம் எந்த மொழியிலதான் பேசிக்கிட்டீங்க?”

“இங்கிலீஷ்லதான்” என்றேன்.

அதே கேள்வியை அவர் பெர்னாரிடம் கேட்டார். பெர்னார் இதிலென்ன சந்தேகம் என்பது போல ஒரு வார்த்தையில் பதில் சொன்னார்.

“என்ன சொல்றாக?” என்று கேட்டாள் மதினி.

“பிரெஞ்சுலதான் பேசினோம்னு சொல்றார்” என்றார் வழிகாட்டி.

மதினி என்னைப் பார்த்தாள், பெர்னாரைப் பார்த்தாள்.

“ரெண்டு பேரும் சேந்து கத்துனாக” என்றாள். “நான் தமிழ்ல ஓடுனேன்.”

வழிகாட்டி அதை மொழிபெயர்த்ததும் ஒதீல் வீங்கிய உதட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தார்.